குடியேறி வந்த சிப்பாய்ங்க மேல விழுந்த சந்தேகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேற நாட்டுல இருந்து வந்தவங்களோ அவங்க பிள்ளைங்களோ ஆர்மில சேர்ந்து, போர் நேரத்துல "நீ யார் பக்கம்"னு சந்தேகத்துக்கு ஆளான கதைய எங்க பேச ஆரம்பிச்சாலும் அதே கேள்விங்க தான் சுத்தி சுத்தி வருது. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். பெரும்பாலும் அமெரிக்க ஆர்மி, அதுலயும் ரெண்டாம் உலகப்போர், ஏன்னா அங்க தான் இது எழுத்துல, அரசாங்க ஆவணத்துல அப்படியே பதிவாகி இருக்கு. கேள்விங்கள கேட்டவங்க வார்த்தையிலயே போட்டிருக்கேன்.

சிட்டிசனே இல்லாதவன் எப்படிங்க இன்னொரு நாட்டு ஆர்மில சேர முடியும்?

அமெரிக்காவுல முடியும், ரொம்ப காலமாவே முடிஞ்சிருக்கு. முதல் உலகப்போர்ல அமெரிக்க ஆர்மில கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர் வெளிநாட்டுல பொறந்தவர். இத்தாலி, போலந்து, ரஷ்யா, கிரீஸ்னு எல்லா பக்கமும் இருந்து வந்தவங்க, நிறைய பேருக்கு இங்கிலீஷே தெரியாது. 1918ல ஜார்ஜியால இருந்த கேம்ப் கார்டன்ல ஒரு ஏற்பாடு பண்ணாங்க, ஒரே பாஷை பேசுறவங்கள ஒரே கம்பெனில போட்டு அந்த பாஷை தெரிஞ்ச ஆபீசர வச்சு ட்ரெய்னிங் கொடுத்தாங்க. நல்லா வேலை செஞ்சதும் மத்த கேம்ப்கள்லயும் அதையே கொண்டு வந்தாங்க. அதே வருஷம் மே மாசம் ஒரு சட்டம் வந்துச்சு, ஆர்மில இருக்குறவங்களுக்கு வருஷக்கணக்கா காத்திருக்காம சிட்டிசன்ஷிப் கிடைக்கும்னு. லட்சக்கணக்கான பேர் அப்படி சிட்டிசன் ஆனாங்க.

யூனிஃபார்ம் போட்டு துப்பாக்கி தூக்கினவனையே ஏன் சந்தேகப்படணும்? லாஜிக்கே இல்லையே?

சந்தேகப்பட்டவங்க சொன்ன லாஜிக் இது தான்: இவன் பொறந்த நாடோ, இவன் அப்பா அம்மா பொறந்த நாடோ இப்ப நமக்கு எதிரி, சண்டைனு வந்தா ரத்தம் இழுக்கும். ஒத்தன் என்ன செஞ்சான்னு பாக்காம அவன் யாருக்கு பொறந்தான்னு பாத்து முடிவு பண்றது. கேம்ப் கார்டன் மாதிரி இடத்துலயே ஒரு பக்கம் பாஷை தெரிஞ்ச ஆபீசர போட்டாங்க, இன்னொரு பக்கம் அந்த ஏற்பாடே மிலிட்டரி உளவுத்துறை கைக்குள்ள தான் இருந்துச்சு. அக்கறையும் கண்காணிப்பும் ஒரே ஆபீஸ்ல இருந்து வந்துச்சு.

இதுல இருக்குற கொடுமை என்னன்னா, இந்த மாதிரி சந்தேகத்துக்கு பதில் சொல்லவே முடியாது. 1942ல அமெரிக்க மேற்குக் கரைக்கு பொறுப்பா இருந்த ஜெனரல் ஜான் டெவிட், அங்க இருந்த ஜப்பானிய வம்சாவளிக்காரங்களால இதுவரைக்கும் நாசவேலை எதுவும் நடக்கலைங்கிறதே இனிமே நடக்கப்போகுதுங்கிறதுக்கு அறிகுறின்னு மேலிடத்துக்கு எழுதினார். தப்பு பண்ணாலும் குற்றம், பண்ணாட்டியும் குற்றம்னா மனுஷன் என்ன தான் பண்றது?

ஜப்பானிய அமெரிக்கர்களைத் தான் எல்லாரும் சொல்றாங்க. அவங்க அங்கயே பொறந்தவங்க தானே, குடியேறினவங்கன்னு எப்படி சொல்றது?

சரியான கேள்வி. ஆர்மில இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க ரெண்டாவது தலைமுறை, நிசெய்னு சொல்லுவாங்க. அமெரிக்காவுல பொறந்ததால பிறப்பாலேயே சிட்டிசன். ஆனா அவங்க அப்பா அம்மா, அதாவது இஸெய், முப்பது நாப்பது வருஷம் அங்கயே உழைச்சாலும் சிட்டிசன் ஆக சட்டம் விடல, வெள்ளைக்காரங்களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் தான் விண்ணப்பிக்கலாம்னு இருந்துச்சு. பெத்தவங்க காலம் பூரா "அந்நியர்", அந்த முத்திரைய பிள்ளைங்க மேலயும் குத்திட்டாங்க. அதனால தான் இந்தப் பேச்சுல அவங்களையும் சேர்க்குறேன்.

பேர்ல் ஹார்பர் நடந்த அன்னைக்கு ஏற்கனவே ஆர்மில இருந்த ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு என்ன ஆச்சு?

1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர் துறைமுகத்தை ஜப்பான் தாக்கின அன்னைக்கு ஹவாய்ல இவங்களும் மத்தவங்களோட சேர்ந்து தான் தீவைக் காவல் காத்தாங்க. அடுத்த மாசமே ஹவாய் டெரிடோரியல் கார்டுல (உள்ளூர் காவல் படை) இருந்த நிசெய் பசங்கள, நிறைய பேர் காலேஜ் ஸ்டூடண்ட்ஸ், வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. காரணம் வம்சாவளி மட்டும் தான். அந்தப் பசங்க கோவிச்சுக்கிட்டு உக்காரல, துப்பாக்கி தர மாட்டீங்கன்னா மண்வெட்டியாவது குடுங்கன்னு மனு போட்டு, ஸ்கோஃபீல்ட் பாரக்ஸ்ல ரோடு போட்டு கல் உடைச்சாங்க. அந்த வருஷமே நிசெய் ஆளுங்கள டிராஃப்ட்ல, அதாவது கட்டாய ஆள்சேர்ப்புல, 4-சி பிரிவுக்கு மாத்தினாங்க, சொந்த நாட்டு சிட்டிசன அந்நியர் பட்டியல்ல தள்ளின வேலை அது.

ஏற்கனவே ரெகுலரா யூனிட்ல இருந்தவங்க 1,400 பேருக்கு மேல, அவங்கள 1942 ஜூன்ல கப்பல் ஏத்தி விஸ்கான்சின்ல கேம்ப் மெக்காய்க்கு அனுப்பினாங்க. அது தான் 100வது இன்ஃபன்ட்ரி பட்டாலியன். அதுல இருந்து கொஞ்சம் பேரைப் பொறுக்கி மிசிசிப்பி கரையோரம் கேட் ஐலண்ட்னு ஒரு தீவுக்கு ரகசியமா கூட்டிட்டுப் போனாங்க. எதுக்குன்னு கேளுங்க. ஜப்பான்காரன் உடம்புக்கு தனி வாசனை இருக்கும், அதை மோப்பம் பிடிச்சு தாக்க நாய்களுக்கு பழக்கலாம்னு ஒருத்தர் ஆர்மிக்கு ஐடியா கொடுத்திருந்தார், அதுக்கு இந்தப் பசங்க இரை. கை கழுத்துல பேடு கட்டிக்கிட்டு புதர்ல ஒளிஞ்சுக்கணும், நாய் வந்து பாயணும். அப்படி ஒரு வாசனையே கிடையாதுன்னு கடைசில திட்டத்தைக் கைவிட்டாங்க. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும், யூனிஃபார்ம் போட்ட சொந்த சிப்பாய்ங்க அவங்க.

விசுவாசத்தை எப்படி செக் பண்ணாங்க? ஃபார்ம் கொடுத்தாங்கன்னு கேள்விப்பட்டேன், நிஜமா?

நிஜம் தான். 1942 பிப்ரவரி 19 அன்னைக்கு ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போட்ட 9066வது உத்தரவுக்கு அப்புறம் ஜப்பானிய வம்சாவளிக்காரங்க சுமார் 1,20,000 பேரை வீட்டை விட்டு காலி பண்ண வச்சு முள்வேலி போட்ட கேம்ப்கள்ல அடைச்சாங்க, மூணுல ரெண்டு பங்கு சிட்டிசன்ஸ். ஒரு வருஷம் கழிச்சு ஆர்மிக்கு ஆள் வேணும்னு தோணினதும் உள்ள இருந்தவங்க கிட்ட ஒரு கேள்வித்தாள் கொடுத்தாங்க. 27வது கேள்வி: எங்க அனுப்பினாலும் போய் சண்டை போடத் தயாரா? 28வது கேள்வி: அமெரிக்காவுக்கு முழு விசுவாசம்னும் ஜப்பான் சக்கரவர்த்திக்கு விசுவாசம் இல்லைன்னும் உறுதி சொல்றியா?

28ல ரெண்டு கண்ணி இருக்கு. நிசெய் பையன் ஆமான்னு எழுதினா, இதுக்கு முன்னாடி சக்கரவர்த்திக்கு விசுவாசமா இருந்தேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அவன் அப்பா ஆமான்னு எழுதினா ஜப்பானும் கையை விட்டு அமெரிக்காவும் சிட்டிசன்ஷிப் தராம நாடே இல்லாதவர் ஆயிடுவார் (ஏன்னு மேல மூணாவது கேள்வில இருக்கு), பெரியவங்களுக்கு மட்டும் அந்த வாசகத்தை அப்புறம் மாத்தினாங்க. குடும்பத்தைப் பிரிச்சிடுவாங்களோன்னு பயந்து இல்லைன்னு எழுதினவங்க உண்டு, கோவத்துல எழுதினவங்க உண்டு. ரெண்டுக்கும் இல்லைன்னு எழுதினவங்கள விசுவாசமில்லாதவங்கன்னு பிரிச்சு கலிஃபோர்னியாவுல டூலி லேக் கேம்ப்புக்கு அனுப்பினாங்க.

குடும்பத்தையே கம்பிக்குள்ள போட்ட அரசாங்கத்துக்காக எதுக்குங்க போய் சண்டை போட்டாங்க? எனக்குப் புரியவே இல்ல

ஒரே காரணம் சொல்ல முடியாது. 1943 பிப்ரவரில நிசெய் ஆளுங்களுக்குன்னே 442வது ரெஜிமென்டல் காம்பாட் டீம்னு ஒரு படை ஆரம்பிச்சப்ப ஹவாய்ல இருந்து மட்டும் கிட்டத்தட்ட 10,000 பேர் வாலன்டியர் பண்ணாங்க, ஆனா ஹவாய்ல பெரிய அளவுல யாரையும் அடைக்கல, அங்க அவங்க ஜனத்தொகைல மூணுல ஒரு பங்குக்கு மேல, அடைச்சா தீவே நின்னுடும். மெயின்லாண்ட் கேம்ப்கள்ல இருந்து வந்தவங்க ஆயிரத்து சொச்சம் தான். சேர்ந்தவங்கள்ல சிலர் இதுதான் என் நாடுன்னு நம்பினாங்க, சிலர் நாம போனா அப்பா அம்மாவ வெளிய விடுவாங்கன்னு நினைச்சாங்க, சிலருக்கு அந்த கேம்ப்ப விட்டு வெளிய வந்தா போதும்.

மிசிசிப்பில கேம்ப் ஷெல்பில ட்ரெய்னிங் நடந்தப்ப ஹவாய் பசங்களுக்கும் மெயின்லாண்ட் பசங்களுக்கும் ஆகவே ஆகாது, தினமும் அடிதடி. மெயின்லாண்ட் பசங்க ஏன் இப்படி உம்முன்னு இருக்காங்க, ஏன் செலவு பண்ண மாட்டேங்கிறாங்கன்னு ஹவாய் பசங்களுக்குப் புரியல. ஒரு நாள் ஹவாய் பசங்கள பஸ்ல ஏத்தி பக்கத்து மாநிலம் ஆர்கன்சால இருந்த கேம்ப்புக்கு அனுப்பினாங்க. பொண்ணுங்க இருப்பாங்க, டான்ஸ் இருக்கும்னு கிட்டார் எல்லாம் எடுத்துக்கிட்டு பாடிக்கிட்டே போனாங்களாம். போய் இறங்கினா முள்வேலி, காவல் கோபுரம், உள்பக்கம் பாத்து நிக்கிற துப்பாக்கி, உள்ள தங்கள மாதிரியே முகம். திரும்பி வர்ற வழில பஸ்ல ஒருத்தரும் பேசலைன்னு அந்த ஹவாய் பசங்கள்ல ஒருத்தரா இருந்து பின்னாடி செனட்டரான டேனியல் இனோயே பல தடவை சொல்லியிருக்கார். நான் இந்தக் கம்பிக்குள்ள இருந்திருந்தா வாலன்டியர் பண்ணியிருப்பேனான்னு அவரே தன்னைக் கேட்டுக்கிட்டார். அதுக்கப்புறம் அந்த அடிதடி அடங்கிடுச்சு.

அப்போ போக மாட்டேன்னு சொன்னவங்க? அவங்க துரோகிங்க தானே ப்ரோ?

இல்ல ப்ரோ. 1944 ஜனவரில டிராஃப்ட்ட திரும்ப இவங்களுக்கும் கொண்டு வந்தாங்க, அதாவது கம்பிக்குள்ள இருக்குறவனுக்கே ஆர்மில சேருன்னு கட்டாய நோட்டீஸ். வயோமிங்ல ஹார்ட் மவுன்டன் கேம்ப்ல இருந்த பசங்க தெளிவா ஒரே விஷயம் சொன்னாங்க: நாங்க சிட்டிசன், முதல்ல எங்க உரிமையக் குடுங்க, குடும்பத்தை வெளிய விடுங்க, அப்புறம் வர்றோம். 63 பேர் மேல மொத்தமா கேஸ் நடந்து மூணு வருஷம் ஜெயில். 1947 டிசம்பர்ல ஜனாதிபதி ட்ரூமன் மன்னிப்பு கொடுத்தார். ஆனா சொந்த சமூகத்துலயே பல வருஷம் இவங்கள ஒதுக்கி வச்சாங்க, எங்க பேரையும் கெடுத்துட்டீங்கன்னு. போனவங்களுக்கும் துணிச்சல் வேணும், போக மாட்டேன்னவங்களுக்கும் வேணும். ஒருத்தர உசத்த இன்னொருத்தர மட்டம் தட்டுறது எனக்கு சரியாப் படல.

இவங்கள யூரோப்புக்கு மட்டும் தான் அனுப்பினாங்களாமே, ஜப்பானுக்கு எதிரா நம்பி அனுப்பலயா?

442வதையும் 100வதையும் இத்தாலிக்கும் ஃபிரான்ஸுக்கும் தான் அனுப்பினாங்க. ஆனா மிலிட்டரி இன்டலிஜன்ஸ் சர்வீஸ்ல சுமார் 6,000 பேர் ஜப்பானிய மொழிப் பள்ளில படிச்சு வந்தாங்க, பெரும்பாலும் நிசெய். பசிபிக் முழுக்க கைதிங்கள விசாரிச்சு, டைரியும் மேப்பும் மொழிபெயர்த்தது அவங்க தான். சண்டைக் களத்துல பல பேருக்கு பாடிகார்டு போட்டாங்க, எதிரிகிட்ட இருந்து காப்பாத்த இல்ல, முகத்தைப் பாத்து சொந்த ஆளுங்களே சுட்டுடக் கூடாதுன்னு.

ராய் மட்சுமோட்டோனு ஒருத்தர். கலிஃபோர்னியால பொறந்து, ஆர்கன்சா கேம்ப்ல அடைபட்டு அங்க இருந்து வாலன்டியர் பண்ணவர். அப்பா அம்மா ஹிரோஷிமால, கூடப் பொறந்தவங்க மூணு பேர் ஜப்பான் ஆர்மில. 1944ல பர்மால நிபும் காங்கிற மலை மேல இவர் இருந்த பட்டாலியன ஜப்பான் படை சுத்தி வளைச்சிருச்சு. ராத்திரி தவழ்ந்து போய் எதிரி பேசுறத ஒட்டுக் கேட்டார், அவங்க பேசின வட்டார வழக்கு இவருக்குப் புரிஞ்சுது, ஏன்னா லாஸ் ஏஞ்சலஸ்ல மளிகை டெலிவரி பண்ணப்ப அந்தப் பக்கத்து குடும்பங்ககிட்ட பேசிப் பழகியிருந்தார். விடியக்காலை எங்க தாக்கப் போறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்ல, அந்த இடத்தைக் காலி பண்ணிட்டு மேல காத்திருந்தாங்க. வந்தவங்க குண்டு மழைல தடுமாறி நின்னப்ப இவரே ஜப்பானிய மொழியில பாயுங்கன்னு கத்தினார், அவங்களும் நேரா துப்பாக்கி முன்னாடி வந்து விழுந்தாங்க. எந்த பாஷைய வச்சு இவரை சந்தேகப்பட்டாங்களோ அந்த பாஷை தான் அத்தனை பேர் உயிரைக் காப்பாத்துச்சு.

ஜெர்மன்காரங்கள சந்தேகப்படலயா? அவங்க வெள்ளைக்காரங்கன்னு விட்டுட்டாங்களா?

கூட்டம் கூட்டமா அடைக்கல, அது உண்மை, நிறம் தான் காரணம்னு தான் நானும் நினைக்கிறேன். ஆனா ஹிட்லர் கிட்ட இருந்து தப்பி வந்த யூதப் பசங்களையே "எதிரி நாட்டு அந்நியர்"னு தான் பதிவு பண்ணாங்க. அப்புறம் இவங்களுக்குத் தெரிஞ்ச ஜெர்மன் தேவைப்பட்டதும் மேரிலாண்ட்ல கேம்ப் ரிச்சில உளவு ட்ரெய்னிங் கொடுத்து அனுப்பினாங்க. பிரிட்டன்ல இன்னும் மோசம், அகதியா வந்தவங்கள 1940ல ஐல் ஆஃப் மேன்ல அடைச்சாங்க, ஆர்மில சேர்ந்தவங்களுக்கு பயனியர் கோர்ல ஆயுதம் இல்லாத வேலை. பிறகு அவங்கள்ல பொறுக்கி எடுத்தவங்க இங்கிலீஷ் பேர் வச்சுக்கிட்டு கமாண்டோவா போனாங்க.

இவங்களுக்கு ரெண்டு பக்கமும் ஆபத்து. 1944 டிசம்பர்ல ப்ளையால்ஃப் ஊர் பக்கம் ஜெர்மன் படைகிட்ட பிடிபட்ட அமெரிக்க சிப்பாய்ங்கள்ல ரெண்டு பேர் ஜெர்மன் யூதர்னு தெரிஞ்சதும் தனியா நிறுத்தி சுட்டுக் கொன்னாங்க. உத்தரவு போட்ட ஜெர்மன் கேப்டனுக்கு அமெரிக்க ஆர்மி 1945ல மரண தண்டனை நிறைவேத்துச்சு.

நம்பாதவங்கள வேணும்னே சாகுற இடத்துக்கு அனுப்பினாங்கன்னு சொல்றாங்களே?

வேணும்னேங்கிறதுக்கு ஆதாரம் காட்ட முடியாது, ஆனா அப்படி நினைச்ச சிப்பாய்ங்க நிறைய பேர். 1944 அக்டோபர்ல ஃபிரான்ஸ்ல வோஷ் மலைக் காட்டுல டெக்சாஸ் பட்டாலியன் ஒண்ணு எதிரி வளையத்துல மாட்டிக்கிச்சு. ப்ரூயேர் ஊரைப் பிடிச்சுட்டு ஓய்வுக்கு வந்த 442வதை உடனே திரும்ப அனுப்பினாங்க. 211 பேரைக் காப்பாத்தினாங்க, அதுக்கு 442வதுல சுமார் 800 பேர் செத்தும் அடிபட்டும் போனாங்க. ஐ கம்பெனில நடமாடுற நிலைமைல மிச்சம் 8 பேர். பின்னாடி, அவங்கள அனுப்பின ஜெனரல் டால்க்விஸ்ட் பாராட்டணும்னு அணிவகுப்பு கூப்பிட்டார், கொஞ்சம் பேர் தான் நின்னாங்க, எல்லாரையும் தானே வரச் சொன்னேன்னு கோபப்பட்டார், மிச்சம் இருக்குறது இவங்க தான் சார்னு பதில் வந்துச்சுன்னு அந்த யூனிட்ல இருந்தவங்க சொல்லுவாங்க.

நிஜமாவே கட்சி மாறினவங்க ஒருத்தர் கூட இல்லையா? உண்மையச் சொல்லுங்க

இருக்காங்க, மறைக்க வேண்டியதில்ல. 1846ல ஆரம்பிச்ச மெக்சிகோ போர்ல அமெரிக்க ஆர்மில இருந்த ஐரிஷ், ஜெர்மன் ஆளுங்க சிலர் ஓடிப் போய் மெக்சிகோ பக்கம் செயின்ட் பேட்ரிக் பட்டாலியன்னு சேர்ந்து சண்டை போட்டாங்க, ஜான் ரைலிங்கிறவர் தலைமைல. கத்தோலிக்கர்னு ஆபீசருங்க கேவலப்படுத்தினது ஒரு காரணம், மெக்சிகோ நிலம் தர்றேன்னது ஒரு காரணம். பிடிபட்டவங்கள்ல சுமார் 50 பேரை 1847 செப்டம்பர்ல தூக்குல போட்டாங்க. அதே போர்ல ஆயிரக்கணக்கான ஐரிஷ்காரங்க கடைசி வரை அமெரிக்கா பக்கமே நின்னாங்க, அவங்கள யாரும் நினைவு வச்சுக்கல.

இன்னொண்ணும் சொல்லணும். ரெண்டாம் உலகப்போர்ல விசுவாசம் சந்தேகம்னு நினைச்ச சிப்பாய்ங்கள ஒரு இஞ்சினியர் கம்பெனில ஒதுக்கி கொலராடோவுல கேம்ப் ஹேல்ல வச்சிருந்தாங்க. அங்க இருந்து 1944ல ரெண்டு ஜெர்மன் கைதிங்கள தப்ப வச்சு மெக்சிகோ வரைக்கும் கூட்டிட்டுப் போய் மாட்டினவர் பேரு டேல் மேப்பிள். சான் டியாகோவுல பொறந்து ஹார்வர்ட்ல படிச்ச அமெரிக்கர். முகத்தையும் வம்சத்தையும் வச்சுத் தேடினா இவர் மாட்டியிருக்கவே மாட்டார், இவர் பேசின நாஜி ஆதரவுப் பேச்ச வச்சுத் தான் ஏற்கனவே சந்தேகம் வந்துச்சு. பாக்க வேண்டியது அதைத் தான்.

சண்டை முடிஞ்சு மெடலோட வந்ததும் எல்லாம் சரியாயிடுச்சு தானே?

இல்ல. 1944 நவம்பர்ல, சண்டை நடந்துக்கிட்டு இருக்கும்போதே, ஓரிகன்ல ஹுட் ரிவர் ஊர்ல வீரர்கள் பெயர்ப் பலகைல இருந்து 16 நிசெய் பேரை அழிச்சாங்க. அதுல ஒருத்தர் ஃபிராங்க் ஹச்சியா, பிலிப்பைன்ஸ்ல லெய்ட்டேல உளவு வேலைல குண்டடிபட்டு 1945 ஜனவரி ஆரம்பத்துல செத்துப் போனார். நாடு முழுக்க எதிர்ப்பு வந்த பிறகு தான் பேர திரும்ப எழுதினாங்க. இனோயே இத்தாலில வலது கையை இழந்துட்டு, மெடல் குத்தின யூனிஃபார்ம்ல முடி வெட்டிக்கப் போனா ஜப்பான்காரனுக்கு வெட்ட மாட்டோம்னு அனுப்பிட்டாங்க. அவருக்கும் இன்னும் பல நிசெய்க்கும் அமெரிக்காவோட உச்ச போர் விருதான மெடல் ஆஃப் ஹானர் கிடைச்சது 2000ல, அதுல நிறைய பேர் அப்ப உயிரோட இல்ல.

ஆர்மில இருந்தா சிட்டிசன்ஷிப்னு முதல் பதில்ல சொன்னீங்க, எல்லாருக்குமா கொடுத்தாங்க?

ஆசியாக்காரங்கள்ல நிறைய பேருக்கு கொடுக்கல. பஞ்சாப்ல பொறந்த பகத் சிங் திண்ட் 1918ல தலைப்பாகையோட அமெரிக்க ஆர்மில சேர்ந்தார். டிசம்பர்ல சிட்டிசன்ஷிப் கொடுத்தாங்க, நாலே நாள்ல பிடுங்கிட்டாங்க. 1920ல ஓரிகன் கோர்ட் திரும்பக் கொடுத்துச்சு, அரசாங்கம் அப்பீல் போச்சு. அவர் கதர் (துணி இல்ல, Ghadar, பிரிட்டிஷ் ஆட்சிய எதிர்த்த இந்தியர்களோட அமைப்பு) இயக்கத்தோட சேர்ந்தவர்னு வாதம் வச்சாங்க, அதாவது பிரிட்டிஷ்காரன எதிர்த்தா அமெரிக்காவுக்கும் ஆபத்தானவனாம். 1923ல சுப்ரீம் கோர்ட் நீ வெள்ளைக்காரன் இல்லைன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. முதல் உலகப்போர்ல சேவை செஞ்ச ஆசியர்களுக்கு 1935ல ஒரு சட்டம் வந்த பிறகு, 1936ல தான் மூணாவது தடவையா வாங்கினார், அது நிலைச்சுது.

அரசாங்கத்துக்கு அப்ப தகவல் இல்லாம பயந்துட்டாங்க, அதை இப்ப இருந்து குறை சொல்றது நியாயமா?

தகவல் இருந்துச்சு, அதான் விஷயமே. 1941லயே கர்டிஸ் மன்சன்னு ஒருத்தர அனுப்பி விசாரிச்சதுல ஜப்பானிய அமெரிக்கர்கள் பெரும்பாலும் விசுவாசமானவங்கன்னு ரிப்போர்ட் வந்துச்சு. இவங்கள காலி பண்ண வச்சதைப் பத்தி ஜெனரல் டெவிட் எழுதின இறுதி ரிப்போர்ட்டோட முதல் வடிவத்துல, இவங்கள்ல நல்லவன் கெட்டவன்னு பிரிக்கவே முடியாது, நேரம் இல்லைங்கிறது பிரச்சனையே இல்லைன்னு இருந்துச்சு. அது கோர்ட்ல நிக்காதுன்னு வாசகத்தை மாத்தி நேரம் இல்லைன்னு எழுதிட்டு பழைய பிரதிகள எரிச்சாங்க. ஒண்ணு மட்டும் தப்பிச்சுது. சின்ன வயசுல கேம்ப்ல அடைபட்ட ஐகோ ஹெர்சிக்-யோஷினாகாங்கிற அம்மா 1980கள் ஆரம்பத்துல தேசிய ஆவணக் காப்பகத்துல தேடும்போது மேஜை மேல கிடந்த அந்தப் பிரதியக் கண்டுபிடிச்சாங்க. அதெல்லாம் சேர்ந்து தான் காலி பண்ணச் சொன்ன உத்தரவுக்கு அடங்காம கோர்ட் வரைக்கும் போன கொரமட்சுங்கிறவர் மேல இருந்த பழைய தண்டனை 1983ல ரத்தாச்சு, 1988ல அரசாங்கம் மன்னிப்பு கேட்டு உயிரோட இருந்தவங்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்க சட்டம் போட்டுச்சு.

இதெல்லாம் பழைய கதை, இப்ப யாராவது இப்படி பண்ணுவாங்களா?

2009ல அமெரிக்க ஆர்மி மாவ்னினு ஒரு திட்டம் ஆரம்பிச்சுது. ஸ்டூடண்ட் விசா, வேலை விசால இருக்குறவங்களும் தேவையான பாஷையோ டாக்டர் படிப்போ இருந்தா சேரலாம், சீக்கிரம் சிட்டிசன்ஷிப். அந்த பாஷைப் பட்டியல்ல தமிழும் இருந்துச்சு. 10,000 பேருக்கு மேல சேர்ந்தாங்க. அப்புறம் உளவாளி யாராவது நுழைஞ்சிடுவாங்களோன்னு செக்கிங் மேல செக்கிங், 2016ல புது ஆள் எடுக்குறத நிறுத்தினாங்க. கான்ட்ராக்ட் போட்டுட்டு ட்ரெய்னிங்குக்கு காத்திருந்தவங்க விசா முடிஞ்சு தவிச்சாங்க. 2018ல பல பேரை சரியான காரணம் சொல்லாம வெளிய அனுப்பினாங்க, வெளிநாட்டுல அப்பா அம்மா இருக்காங்கங்கிறதே சிலருக்கு குறையா எழுதியிருந்துச்சு. கேஸ் போட்டதும் ஆர்மி அந்த நீக்கங்கள நிறுத்தி வச்சுது.

"ரத்தம் சிந்தி விசுவாசத்தை நிரூபிச்சாங்க"ன்னு எழுதலாமா? எங்க பிள்ளைக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட்

நான் எழுத மாட்டேன். அப்படி எழுதினா நிரூபிக்க வேண்டிய கடமை அவங்களுக்கு இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், கேம்ப்ல பேசாம இருந்த வயசான பாட்டி எதையும் நிரூபிக்கலைன்னு ஆயிடும். பிள்ளைகிட்ட இப்படி எழுதச் சொல்லுங்க: இவங்க மேல சந்தேகப்பட காரணம் இல்லாமலே சந்தேகப்பட்டாங்க, அப்படி இருந்தும் இவங்க இதெல்லாம் செஞ்சாங்க. ட்ரூமன் 1946 ஜூலைல 442வதை நேர்ல பாத்து, நீங்க எதிரியோட மட்டுமில்ல, பாரபட்சத்தோடயும் சண்டை போட்டு ஜெயிச்சீங்கன்னு சொன்னார், அதை மேற்கோள் காட்டலாம். கூடவே ஜெயிச்சீங்கன்னு அவர் சொன்னது அவசரம்னு, இந்தப் பதிலுக்கு மேல நாலாவது பதில்ல இருக்குற ஹுட் ரிவர், முடிவெட்டுற கடைக் கதைய வச்சு ஒரு வரி சேருங்க, டீச்சர் கேட்டா பதில் சொல்ல பிள்ளைக்கும் விஷயம் இருக்கும்.